டேப் இறங்கிய இடம்

சென்ற மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் போன் செய்தார். சர்வருக்குப் புதிய பேக்கப் மென்பொருள் வாங்கப் போகிறார்களாம். கம்பெனிக்காரர்கள் வந்து விளக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். எதை வாங்குவது என்று பேச்சு முற்றியபோது மூத்த ஊழியர் ஒருவர், "எத வாங்கினாலும் சாமுவேல் சார் ரூலுக்கு ஒத்து வரணும்" என்று முடித்துவிட்டாராம்.

"சார், அந்த ரூல் எப்படி வந்துச்சுன்னு நம்ம ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன்."

என் பெயரில் அப்படி ஒரு விதி இருப்பதே எனக்குத் தெரியாது. என்ன விதி என்று கேட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் சொன்னார்: "எடுத்த காப்பிய நம்பாத. காலி டைரக்டரியில இறக்கு. அசலோட ஒப்பிட்டுப் பாரு. அப்புறம் கையெழுத்துப் போடு."

எழுதித் தருகிறேன் என்றேன். அவர் எதிர்பார்த்தது இந்தக் கட்டுரையை அல்ல.

நான் சித்தூரில் பிறந்தவன். மிஷன் பள்ளியில் படித்து, கணக்கில் பட்டம் வாங்கி, மதராசில் ஒரு பெரிய கம்பெனியில் அட்டையில் துளை போடும் காலத்திலேயே கம்ப்யூட்டர் வேலைக்குப் போனேன். எண்பதுகளின் பின்பாதியில், சபையின் பொறுப்பில் நடந்த காசநோய் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு நன்கொடையாக, யூனிக்ஸ் என்ற முறையில் ஓடும் ஒரு கம்ப்யூட்டர் மெஷின் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சபையில் சொன்னார்கள். சொந்த ஊர், சொந்த சபை. வந்துவிட்டேன்.

அந்த மெஷினில் இருந்தது நோயாளிகளின் பதிவேடு. காசநோய்க்கு மருந்தை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். மருந்து வாங்க வராதவர்களின் வீட்டுக்கு ஓர் ஊழியர் சைக்கிளில் போய் விசாரிப்பார். இதில் ஒரு சிக்கல். எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒரு முறை தமிழில் ஒரு பெயரும், மறுமுறை தெலுங்கில் வேறு மாதிரியும் கொடுப்பார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் ஆகிவிடும். ஒன்றில் மருந்து ஒழுங்காக வாங்கியிருப்பார். மற்றொன்றில் வராதவராக நிற்பார். சைக்கிள் ஊழியர் இரண்டாவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

குடிபாலாவிலிருந்து ஒரு விவசாயி கவுண்டருக்கே வந்து சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. "மாத்திர துன்னுக்கினுதானே இருக்கேன்? ஊட்டாண்ட வந்து தெருவே பாக்கறாப்பல பேர் சொல்லிக் கூப்பிடறீங்களே, எம் பொண்ண நாளைக்கி எவன்யா கட்டுவான்?"

அவருக்குப் பதில் சொன்னவர் வசந்தா. எனக்கு உதவியாளராகத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர். நகரிப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். திருப்பதியில் புள்ளியியல் எம்.எஸ்ஸி. படித்தவர். பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் பழகியவர். யூனிக்ஸைப் பொறுத்தவரை என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். எனக்கு அது முதல் வாரமே புரிந்துவிட்டது. மற்றவர்களுக்குப் புரியாமல் பார்த்துக்கொண்டேன்.

வசந்தா அந்த விவசாயியை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இரண்டு பதிவுகளையும் திரையில் வரவழைத்து ஒன்றாக்கினார். அன்றிலிருந்து அதையே வேலையாக எடுத்துக்கொண்டார். கவுண்டருக்கு வரும் ஒவ்வொருவரிடமும் மெதுவாகப் பேச்சுக் கொடுப்பார். வேறு பெயர் உண்டா, முன்பு யாருடன் வந்தீர்கள், எந்த டாக்டர் பார்த்தார். விசாரித்து, உறுதியானபின்தான் இரண்டை ஒன்றாக்குவார். காகிதத்தில் எதுவும் கிடையாது. எல்லாம் திரையில், நோயாளி எதிரில் இருக்கும்போதே. மழைக்காலம் முழுக்க, பனிக்காலம் முழுக்க இதைச் செய்தார்.

"ஒரு வருஷம் பாக்கலாம்னு நைனா சொல்லியிருக்காரு சார்" என்பார். "பர்மனெண்ட் ஆனா சித்தூருலயே இருந்துக்கோ, ஆகலன்னா மூட்ட கட்டிக்கினு ஊருக்கு வந்துடுன்னு." சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

எங்கள் மேலதிகாரி செயலாளர் ஞானமுத்து ஐயா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யாராவது வேலை செய்தால் உட்காரமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது. ஆனால் மாற்று ஏற்பாடு என்று எதைக் காட்டினாலும் அதை நடத்திக் காட்டச் சொல்வார். ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு நாள், "ஸ்டெப்னி இருக்குது ஐயா" என்றார். "இருக்குன்னு சொல்றது பெருசில்ல. மாட்டி ஓட்டு" என்றார் ஐயா. நல்ல டயரைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, காந்தி சிலை வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்த டிரைவர், "சார், இவரு செத்தா பொட்டியக்கூட ஒரு தபா தூக்கிப் பாத்துட்டுத்தான் உள்ள படுப்பாரு" என்று என்னிடம் முணுமுணுத்தார். அது ஐயாவின் காதில் விழுந்து, அவரே சிரித்துவிட்டார்.

பேக்கப் முறையைத் தீர்மானிக்க நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அதாவது நானும் வசந்தாவும் உட்கார்ந்தோம், ஐயா நின்றார். முதலில் ஜெபம். பிறகு நான் விளக்கினேன். மூன்று வழிகள் இருந்தன. டிஸ்க் முழுவதையும் அப்படியே டேப்பில் ஏற்றுவது ஒன்று. அதற்கு மெஷினை நிறுத்த வேண்டும். திரும்ப இறக்கவும் அதே அளவு டிஸ்க் வேண்டும். அவசரத்துக்கு நாங்கள் நம்பியிருந்தது திருப்பதிப் பல்கலைக்கழகத்து மெஷினை. அதன் டிஸ்க் வேறு அளவு. ஆகவே அது கழிந்தது. மீதி இரண்டு, டார் என்ற கட்டளையும் சிபிஐஓ என்ற கட்டளையும்.

டார் எளிது. ஒரே வரியில் முடிந்துவிடும். மதராசில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். சிபிஐஓவுக்குக் கோப்புகளின் பெயர்களை வேறொரு கட்டளை தேடிக் கொடுக்க வேண்டும். அந்த இரட்டைக் கட்டளை எனக்குச் சரியாகப் பிடிபட்டதில்லை.

வசந்தா சிபிஐஓ என்றார். "டேப்பு நடுவுல கொஞ்சம் கெட்டுப்போனாலும் அத விட்டுட்டு மிச்சத்த எடுத்துடலாம் சார். ஆனா எதுல எடுத்தாலும் ஒண்ணு. ஸ்லாஷ்லருந்து எடுக்காம, அந்த டைரக்டரிக்குள்ள போய் நின்னு டாட்லருந்து எடுக்கணும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை விளக்கிவிட வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் இதில்தான் இருக்கிறது. யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முழு விலாசம் உண்டு. அது ஸ்லாஷ் என்னும் சாய்கோட்டில் தொடங்கும். அந்த விலாசத்தோடு டேப்பில் ஏற்றினால், இறக்கும்போது நீங்கள் எந்த டைரக்டரியில், அதாவது எந்தக் கோப்புறையில், நின்றாலும் கோப்பு தன் பழைய விலாசத்துக்கே போகும். அங்கே புதிய கோப்பு இருந்தால் அதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். டாட் என்னும் புள்ளியில் தொடங்கி ஏற்றினால் நீங்கள் நிற்கும் இடத்திலேயே இறங்கும். யாரையும் தொந்தரவு செய்யாது. இன்றைய டார் பெரும்பாலும் அந்தச் சாய்கோட்டைத் தானே உதிர்த்துவிடுகிறது. அன்றைய டார் உதிர்க்காது.

இதை எனக்கு முன்னால், ஐயாவுக்கு எதிரில், தற்காலிக உதவியாளர் சொன்னார். உண்மையில் எனக்கு அந்த வேறுபாடு அதுவரை தெரியாது.

"டார் போதும்மா" என்றேன். "மதராசுல அவ்ளோ பெரிய கம்பெனியே டார்லதான் ஓடுது. நாம என்ன அதவிடப் பெரிய ஆளா?"

"டார்லயே எடுங்க சார். ஆனா டாட் மட்டும்..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாமுவேல்தானே பொறுப்பு. அவன் சொல்றபடி செய்யுங்க. ஆனா உள்ள போறது இருக்கட்டும், திரும்பி வருமா? அத ஒரு நாள் எனக்குக் காட்டணும்" என்றார்.

நான் சாய்கோட்டிலிருந்துதான் எடுத்தேன். வசந்தா சொன்னதைச் செய்தால் அவர் சொன்னதைச் செய்ததாக ஆகிவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கார்ட்ரிட்ஜ் டேப்புகள் அப்போது எளிதில் கிடைக்காது. எங்களிடம் இரண்டுதான் இருந்தன. ஒன்று, மழைக்காலம் தொடங்கும்போது எடுத்தது. ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தாலும் பதிவேடு பிழைக்கட்டும் என்று திருப்பதியில் பல்கலைக்கழகத்து நண்பரின் பீரோவில் வைத்திருந்தோம். அதன்பின் வந்த புது நோயாளிகளும் மருந்துக் கணக்கும் மாதாமாதம் தனிக் கோப்புகளில் சேர்ந்தன; பழைய கோப்புகளில் மாறியது வசந்தா ஒன்றாக்கியது மட்டும்தான். மற்றொன்று சித்தூரில். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே டேப்பின் மேலேயே அந்த வாரத்து நிலையை எழுதுவோம்.

பனிக்காலம் முடியும் சமயத்தில் ஐயா, "டேப்புல இருக்கறது திரும்பி வருதான்னு காட்டு" என்றார். சித்தூர் டேப்பைக் காட்டியிருக்கலாம். "திருப்பதியில இருக்கறத கொண்டு வா. தூரத்துல இருக்கறதுதானே ஆபத்துக்கு உதவணும்" என்றார். நியாயம்தான். போய் வாங்கிவந்தேன். பஸ்ஸில் மோட்டார் பக்கம் வைத்தால் காந்தம் பட்டுக் கெட்டுவிடுமோ என்று பயந்து மடியிலேயே வைத்திருந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்து, பாட்டு கேசட் என்று நினைத்து, "ஏம் பாட்டலு சார் இதுல? பக்தியா, சினிமாவா?" என்றார். "காசநோய்" என்றேன். அடுத்த ஸ்டாப் வரை அவர் என் பக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை. வசந்தா தாய்மாமன் வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். ஐயா என் முதுகுக்குப் பின்னால் நின்றார். தற்காலிகக் கோப்புகளுக்கான டைரக்டரிக்குள் போய் நின்றுகொண்டு, டேப்பை இறக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அங்கேதான் இறங்கும் என்று நினைத்தேன். கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிவரியாக ஏறின. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் சாய்கோடு இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் அதன் பொருள் மனதில் ஏறவில்லை.

"வந்துடுச்சே!" என்றார் ஐயா. என் தோளைத் தட்டினார். அவர் யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. காப்பி வரவழைத்தார். இருவரும் குடித்தோம். அதன்பிறகு, சனிக்கிழமை ஆயிற்றே என்று, வழக்கம்போல் சித்தூர் டேப்பைப் போட்டு அந்த வாரத்துப் பேக்கப்பையும் எடுத்து முடித்தேன். நல்ல நிலையில் இருந்த ஒரே பிரதி அந்த டேப்பில் இருந்தது. அதன் மேல் மழைக்காலத்துப் பதிவேட்டை எழுதிவிட்டு, வேலை முடிந்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வசந்தா கவுண்டரில் உட்கார்ந்த சிறிது நேரத்தில் என்னிடம் வந்தார்.

"சார், எல்லாம் ரெண்டு ரெண்டா நிக்குது."

"என்னது?"

"நான் ஒண்ணாக்கினது பூரா. அந்தக் குடிபாலாக்காரர்கூட ரெண்டா நிக்கறாரு."

அந்த நொடியில்தான் சனிக்கிழமை பார்த்த சாய்கோடுகள் எனக்குப் புரிந்தன. உள்ளே வந்த ஐயா, "என்னம்மா?" என்றார். வசந்தா சொன்னார்.

நான் அப்போதே சொல்லியிருந்தால் ஐயா என்னை வேலையைவிட்டு அனுப்பியிருக்க மாட்டார். திட்டியிருப்பார், பிறகு ஜெபித்திருப்பார். இது தெரிந்தும் நான் வாய் திறந்து சொன்னது வேறு.

எங்களிடம் பழகுவதற்கென்று பதிவேட்டின் ஒரு நகல் இருந்தது. இடம் போதவில்லை என்று முந்தைய வாரம்தான் அதை அழித்திருந்தேன். "பழகுற காப்பியில செஞ்சிருப்பாங்க ஐயா" என்றேன். "அசல்னு நெனச்சிக்கினு அதுலயே ஒண்ணாக்கிக்கினு இருந்திருப்பாங்க. அத போன வாரம் அழிச்சிட்டோம்."

வசந்தா ஐயா பக்கம் திரும்பினார். "நான் அசல்லதான் செஞ்சேன் ஐயா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சனிக்கிழம டேப்ப இறக்கினீங்களா சார்?"

"தனி இடத்துல இறக்கினேன்."

"பேருக்கு முன்னாடி ஸ்லாஷ் வந்துச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் ஐயா சொன்னார்: "நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்மா. சாமுவேல் தனி இடத்துக்குப் போய்த்தான் செஞ்சான்." பொய் என்றால் என்னவென்று தெரியாத மனிதர். என் பொய்க்கு அவரையே சாட்சியாக்கிவிட்டேன்.

ஐயா போனபின் வசந்தா தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒவ்வொரு ஃபைலும் டிஸ்க்குல எப்போ ஏறிச்சுன்னு மெஷின் ஒரு நேரம் வெச்சிருக்கும் இல்ல சார். சாப்ட்டுட்டு வந்து ஐயாவ வெச்சிக்கினு பாத்துடலாம். சனிக்கிழமன்னு காட்டிச்சின்னா தெரிஞ்சிடும்."

"பாக்கலாம்" என்றேன்.

அவர் சாப்பிடப் போனார். நான் போகவில்லை. பதிவேட்டுக் கோப்புகள் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகலெடுத்து, பழையவற்றை அழித்து, நகல்களை அவை இருந்த இடத்திலேயே வைத்தேன்; இனி அவற்றின் நேரம் சனிக்கிழமையைக் காட்டாது. டேப் இறக்கியது அறியாமை. உள்ளே வந்த ஐயாவிடம் சொன்னது பயத்தில் வந்தது. இதற்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது. உட்கார்ந்து, யோசித்து, பிழையில்லாமல் செய்த வேலை.

வசந்தா வந்தார். ஐயா நின்றார். திரையில் எல்லாக் கோப்புகளுக்கும் அன்றைய மதியம் என்றே காட்டியது.

"டிஸ்க்குல கோளாறா இருக்குமோன்னு எடுத்து வேற எடத்துல வெச்சேன்" என்றேன்.

வசந்தா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. எழுந்து கவுண்டருக்குப் போய், அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சபைக் கோவிலில் பாவ அறிக்கை சொல்லி, திருவிருந்து அப்பம் எடுத்தேன். ஐயாதான் எனக்கு அடுத்து முழங்காலில் இருந்தார்.

வருஷம் முடியும் முன் ஐயா என்னைக் கூப்பிட்டார். வசந்தாவை நிரந்தரமாக்கும் பேச்சு. "அந்தப் பொண்ணு விஷயத்துல எனக்கு மனசு ரெண்டா இருக்கு. கூட வேலை செய்றவன் நீ. சொல்லு, என்ன செய்யலாம்?"

அவர் எனக்குத் திறந்துவிட்ட கதவு அது. அவருக்கே அது தெரியாது. நான் சொன்னேன்: "நல்ல பொண்ணுதான் ஐயா. ஆனா அவசரம் ஜாஸ்தி."

அவசரம். ஒவ்வொரு நோயாளியையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விசாரித்துச் செய்த பெண்ணை.

ஐயா தலையை அசைத்தார். பணிக்காலம் அதோடு முடிந்தது. வசந்தா கடைசி நாள் வரை கவுண்டரில் இருந்தார். மீண்டும் வந்த நோயாளிகளை மீண்டும் விசாரித்து, முடிந்தவரை மீண்டும் ஒன்றாக்கினார். முடியாத பெயர்கள் நிறைய மிஞ்சின. அவர் போனபின் சைக்கிள் ஊழியர் மறுபடி குடிபாலாவுக்குப் போய், அதே விவசாயியை அதே தெருவில் கூப்பிட்டார். அந்த ஆள் இம்முறை சத்தம் போட வரவில்லை. மருந்துக்கும் வரவில்லை. வேலூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அதன்பிறகுதான் நான் சிபிஐஓ கற்றேன். டைரக்டரிக்குள் போய் நின்று, புள்ளியிலிருந்து எடுத்தேன். காலி இடத்தில் இறக்கி, அசலோடு ஒப்பிட்டு, பிறகு கையெழுத்துப் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். ஐயா அதைக் கூட்டத்தில் பாராட்டினார். அந்தப் பாராட்டுதான் உங்களிடம் விதியாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே, கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களே, எந்த மென்பொருளையும் வாங்குங்கள். டாரில் தவறில்லை, சிபிஐஓவில் மகத்துவமில்லை. டாட்லருந்து எடுக்கச் சொன்னது வசந்தா. என் பெயரை அந்த விதியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐயா காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. அவரிடம் நான் சொல்லவே இல்லை.

வசந்தாவை அதற்குப்பின் ஒரே ஒரு முறை பார்த்தேன், திருப்பதி பஸ் ஸ்டாண்டில். நான் டேப்பை நண்பரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவர் நாயுடுபேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு குழந்தை தூங்கியது. அவரே கூப்பிட்டார்.

"சார்! நல்லாக்கீறீங்களா?"

நாயுடுபேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். ஐயாவை விசாரித்தார். கவுண்டரை விசாரித்தார். டிரைவர் பஸ்ஸை ஸ்டார்ட் செய்தார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் என் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ எதுல சார் எடுக்கிறீங்க?"

"சிபிஐஓல."

"டாட் போட்டுத்தானே?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.

"அப்போ சரி சார்" என்றார்.

பஸ் நகர்ந்தது. நான் கையை உயர்த்தினேன். அவர் குழந்தையின் தலையை வெயில் படாத பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.